ஓடும்போது மெசேஜ்: ஏ9 வீதியில் ஐந்து செக்கன் என்றால் எவ்வளவு தூரம்?

இலங்கையில் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற ஏ9 வீதியில் கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் பக்கம் ஓடியவர்களுக்குத் தெரியும், வீதி நேராகக் கிடக்கும். இரண்டு பக்கமும் காடு. மத்தியான நேரத்தில் முன்னால் ஒரு வாகனமும் இல்லாமல் கொஞ்ச நேரம் போகலாம். கொழும்பில் கோல் ரோட் (காலி வீதி) நெரிசலுக்குள் நிற்கிற சாரதிக்கு வராத ஒரு துணிவு இங்கே வரும். “ஒருத்தரும் இல்லைத்தானே, ஒருக்கால் பார்ப்பம்.” சட்டைப் பையில் போன் அதிரும், கை போகும், கண்ணும் பின்னால் போகும்.

புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களுக்கும், எடுக்க நாள் பார்த்திருப்பவர்களுக்கும், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிற அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன். வாகனம் ஓடிக்கொண்டு மெசேஜ் பார்ப்பது ஏன் இவ்வளவு ஆபத்து, பிடிபட்டால் என்ன நடக்கும், யாருக்காவது அடிபட்டால் என்ன நடக்கும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில், அதாவது வடக்கின் இந்தக் காட்டுப் பக்கத்தில், இந்தப் பழக்கம் நகரத்தை விட ஆபத்தானது. வீதி வெறுமையாகத் தெரிவதுதான் அதற்குக் காரணம். நெரிசலில் பயம் போனைப் பையிலேயே வைத்திருக்கும். இங்கே அந்தப் பயம் இல்லை, வேகம் மட்டும் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது வன்னியில் யாரும் வேகம் என்று சொல்லாத வேகம். அந்த வேகத்தில் வாகனம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் போகிறது. போனை எடுத்து, வந்த மெசேஜை வாசித்து, “ஓம், வாறன்” என்று தட்டி முடிக்க ஐந்து செக்கனாவது வேண்டும். ஐந்து செக்கனில் 83 மீற்றர். 70 இல் போனால் 97 மீற்றர். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் நூறு மீற்றர் ஓட்டத்துக்குச் சுண்ணாம்பால் கோடு போடுவார்களே, அந்தக் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு முடிவுக் கோடு வரை மோட்டார் சைக்கிளில் போவதுதான் இது. பின்னால் மனைவியோ தங்கச்சியோ இருந்தால் அவர்களையும் ஏற்றிக்கொண்டு.

கணக்கு அங்கே முடியவில்லை. நிமிர்ந்து பார்க்கிறீர்கள், முன்னால் மாடு. கண் கண்டதை மூளை விளங்கி, கால் பிரேக்கில் போய் அழுத்துவதற்கு ஒன்றரை செக்கன் அளவு போகும். அதற்குள் இன்னும் 25 மீற்றர். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த காப்பெற் (சமமாகத் தார் போட்ட) வீதியில், நல்ல டயரோடு, நிற்க இன்னொரு 20 மீற்றர். மொத்தம் 45. மழை பெய்து வீதி ஈரம் என்றால் இன்னும் கூட. ஆக மாடு 40 மீற்றருக்குள் நின்றால், அதைக் கண்ட பிறகு நீங்கள் என்ன செய்தாலும் முட்டத்தான் போகிறீர்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து முட்டலாம், அவ்வளவுதான். நிமிராமல் போன 83 மீற்றரில்தான் விபத்து முடிவாகிவிட்டது. பிரேக் பிடித்த இடத்தில் அது வெளியே தெரிகிறது.

ஐந்து செக்கன் என்பது நானாகச் சொன்ன கணக்கில்லை. 2009 இல் அமெரிக்காவின் வர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம், வாகனங்களுக்குள் கமரா பொருத்திச் சாரதிகளைக் கவனித்த தன் ஆய்வுகளின் முடிவை வெளியிட்டது. மெசேஜ் அனுப்பும்போது, ஆறு செக்கன் இடைவெளியில் சராசரியாக 4.6 செக்கன் சாரதியின் கண் வீதியில் இல்லை. பாரவூர்திச் சாரதிகளில், மெசேஜ் தட்டிக்கொண்டு ஓடியவர்கள் விபத்தில் அல்லது மயிரிழையில் தப்பிய சம்பவத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 23 மடங்கு. இதில் கவனிக்க வேண்டியது, இவர்கள் பழகாத பிள்ளைகள் இல்லை. சம்பளத்துக்கு ஓடுகிற, வருடக்கணக்கில் அனுபவம் உள்ள ஆட்கள். “எனக்குப் பழக்கம், நான் பார்க்காமலே தட்டுவன்” என்று சொல்கிற அண்ணைமாருக்கு இந்தத் தகவலைக் காட்டலாம்.

கண், கை, மூளை

வாகனம் ஓடும்போது கவனம் சிதறுவது மூன்று விதம். கண் வீதியை விட்டு வேறெங்கோ போவது ஒன்று. கை ஹாண்டிலை அல்லது ஸ்டியரிங்கை விடுவது இன்னொன்று. மூளை வேறு விஷயத்தில் இருப்பது மூன்றாவது. ரேடியோவைத் திருப்பினால் கை கொஞ்சம் விலகும். பக்கத்தில் இருப்பவரோடு கதைத்தால் மூளை கொஞ்சம் விலகும். மெசேஜ் மட்டும் மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுபோகிறது. அதனால்தான் மற்றக் கவனச் சிதறல்களோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் பாதிப் பேர் இரண்டு சில்லில்தான் ஓடுகிறோம். மோட்டார் சைக்கிளில் அக்சிலேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில். வலது கையை எடுத்தால் வண்டி வேகம் குறையும், ஆகவே எல்லோரும் இடது கையில்தான் போனை எடுப்பார்கள். கியர் வண்டியில் இடது கையில் இருப்பது கிளச். அவசரத்தில் கிளச் பிடிக்க ஆளில்லை. ஸ்கூட்டியில் நிலைமை இன்னும் மோசம். அதில் இடது கைப் பிடி பின் பிரேக். போன் இடது கையில் இருக்கும்போது திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தால், மிச்சம் இருப்பது வலது கையின் முன் பிரேக் மட்டும்தான். காப்பெற்றின் ஓரத்தில், கிரவல் மண் சிதறிக் கிடக்கிற இடத்தில், முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் முன் சில்லு வழுக்கி ஆள் அப்படியே சரிவார். பிறகு ஆஸ்பத்திரியில் “கிரவல் சறுக்கிப்போட்டுது” என்று சொல்வோம். போனைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டோம்.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக் காதோடு இறுக்கிக் கதைத்துக்கொண்டு போவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கை இரண்டும் ஹாண்டிலில், சட்டமும் மீறவில்லை, கெட்டித்தனம் என்று நினைப்பு. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது அந்தப் போன் மெல்லக் கீழே இறங்கும். அப்போது தலையைச் சரித்து, தோளை உயர்த்தி, இரண்டுக்கும் நடுவில் அதை நெரித்துப் பிடிப்பார்கள். சரிந்த தலைக்கு வலது பக்கக் கண்ணாடி தெரியாது. ஒரு காது அடைபட்டிருப்பதால் பின்னால் வருகிற பஸ்ஸின் ஹோனும் அரைவாசிதான் கேட்கும்.

இனி மூளை. இதைத்தான் நம்ப வைப்பது கஷ்டம். கண் வீதியைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஆனால் பார்த்தது உள்ளே பதியாது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாகனம் ஓடும் மாதிரிக் கருவியில் ஆட்களை இருத்திச் சோதித்து, 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். போனில் கதைத்துக்கொண்டு ஓடுபவரின் தடுமாற்றம், சட்டம் தடை செய்கிற அளவுக்குக் குடித்துவிட்டு ஓடுபவரின் தடுமாற்றத்துக்குக் குறைவில்லை என்றார்கள். போனைக் கையில் பிடித்துக் கதைத்தாலும் காதில் கருவி போட்டுக் கதைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போன் பாவிக்கும் சாரதி விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஊரில் குடித்துவிட்டுப் பஸ் ஓடும் சாரதியைக் கண்டால் சனம் சத்தம் போடும், இறங்கிவிடும். அதே சாரதி போனில் கதைத்துக்கொண்டு ஓடினால் நாங்கள் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

மெசேஜை அனுப்பி முடித்து, போனைப் பையில் போட்ட பிறகும் மூளை உடனே வீதிக்குத் திரும்புவதில்லை. வாய்ச்சொல்லால் போனுக்குக் கட்டளை கொடுக்கிற முறையை வைத்து அமெரிக்க மோட்டார் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை 2015 இல் செய்த ஆய்வில், வேலை முடிந்த பிறகும் சிலருக்குக் கவனம் முழுதாகத் திரும்ப 27 செக்கன் வரை எடுத்தது. 60 இல் ஓடினால் அது அரைக் கிலோமீற்றர் அளவு.

இதற்கு ஒரு பழைய, கசப்பான உதாரணம் இருக்கிறது. 2008 செப்டெம்பர் 12 அன்று கலிபோர்னியாவில் சற்ஸ்வேர்த் என்ற இடத்தில் ஒரு பயணிகள் ரயில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்ச் சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதியது. 25 பேர் இறந்தார்கள். ரயிலுக்குத் திருப்புவதற்கு ஸ்டியரிங் இல்லை, தண்டவாளம் தானே கொண்டுபோகும். சாரதி செய்ய வேண்டிய முக்கியமான வேலை விளக்கைப் பார்ப்பது. விசாரணையில் தெரியவந்தது, அந்தச் சாரதி வேலை நேரத்தில் மெசேஜ் அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறார். கடைசி மெசேஜ் மோதலுக்கு 22 செக்கன் முன்னால்.

வெறும் வீதி வெறுமையாக இல்லை

எங்கள் வீதிகளுக்கு வருவோம். பரந்தனில் இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35, மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகிற ஏ34, மன்னார்ப் பக்கத்தில் இருந்து பூநகரிக்கு வருகிற ஏ32 எல்லாம் போருக்குப் பிறகு திருத்தப்பட்ட வீதிகள். பள்ளம் குழியில் இருபதில் உருட்டிய காலத்தில் வீதியே வேகத்தைக் கட்டுப்படுத்தியது. காப்பெற் போட்ட பிறகு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. வீதி புதிது, அதில் நடமாடுகிற மற்றதெல்லாம் பழையபடிதான்.

மாடு முதலாவது. பொழுது பட்டால் பட்டிக்குத் திரும்பாத மாடுகள் காப்பெற்றின் மேல் வந்து படுக்கும். பகல் வெயிலில் சூடேறிய தார் இரவிலும் இளஞ்சூடாக இருக்கும், நுளம்பும் குறைவு. கறுத்த மாடு, கறுத்த வீதி, தெருவிளக்கு இல்லை. போன் திரையின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்த கண்ணுக்கு இருட்டுப் பழக இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். பகலில் மெசேஜ் பார்ப்பதை விட இரவில் பார்ப்பது மோசம் என்பதற்கு இது ஒரு காரணம், பலர் யோசிக்காத காரணம்.

அடுத்தது உழவு இயந்திரம். தை, மாசியில் பெரும்போக அறுவடை வந்தால் நெல் மூட்டை ஏற்றிய பெட்டிகள் இரவிலும் ஓடும். பின் விளக்கு இருக்காது, சிவப்பு ஒளிதெறி ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் இன்னும் மெதுவாகப் போகும். நீங்கள் 60 இல், முன்னால் போகிறவர் 15 இல். இடைவெளி ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு மீற்றருக்கு மேல் குறைகிறது. பகலில் வீதியின் அரைப் பக்கத்தில் நெல் காயும், அதைக் கிளற ஆட்கள் நிற்பார்கள். காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் மூன்று சைக்கிளில் பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் அப்படித்தான் போவார்கள், அவர்களைத் திருத்திவிட்டு நாங்கள் போன் பார்க்க முடியாது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தில் யானை. யானையைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

ரயில் கடவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013 இல் கிளிநொச்சி வரையும் 2014 இல் யாழ்ப்பாணம் வரையும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. பாதை பல இடங்களில் வீதிக்குப் பக்கத்திலேயே போகிறது. உள் வீதிகள் அதைக் குறுக்கே கடக்கின்றன. காதில் கருவி, கண்ணில் திரை என்று போகிறவருக்கு ரயில் ஹோன் கேட்கவும் மாட்டாது, மின்னும் விளக்குத் தெரியவும் மாட்டாது.

அடிபட்டால் தூரமும் ஒரு பிரச்சினை. தலையில் பலத்த அடி என்றால் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை கொடுத்துவிட்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அது அறுபது கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவில் இருந்து என்றால் நூறைத் தாண்டும். தலைக்குள் இரத்தம் கசிகிறவருக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் கணக்கு.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயம் இருக்கிறது. ரொறன்ரோவில் கோடை காலத்தில் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே காலை ஆறரை. அங்கே வேலை முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாகச் சித்தப்பா வட்ஸ்அப்பில் அழைக்கிற நேரம், இங்கே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு வெளிக்கிடுகிற நேரம். வெளிநாட்டு அழைப்பை எடுக்காமல் விட்டால் மரியாதைக் குறைவு என்று ஒரு எண்ணம். காசு அனுப்புகிற ஆள் என்றால் எண்ணம் இன்னும் கூடும். எடுக்காவிட்டால் இரண்டு நிமிட வொய்ஸ் மெசேஜ் வரும், அதைக் கேட்கவும் கை பரபரக்கும். ஆக இந்தப் பழக்கத்தின் ஒரு நுனி கனடாவில் இருக்கிறது. அழைப்பவர் முதல் வார்த்தையாக, “தம்பி, ஓடிக்கொண்டிருக்கிறியோ? அப்ப வை, நான் பிறகு எடுக்கிறன்” என்று சொன்னால் போதும். அங்கே அவர் காரில் போனைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்ராறியோவில் 2019 முதல், முதல் தடவை பிடிபட்டாலே ஆயிரம் டொலர் வரை தண்டம், மூன்று நாள் லைசன்ஸ் நிறுத்தம், மூன்று குறைப்புப் புள்ளி. இங்கிலாந்தில் 200 பவுண் தண்டமும் ஆறு புள்ளியும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு அங்கே ஆறு புள்ளி என்றால் லைசன்ஸே போய்விடும். இந்தியாவிலும் 2019 திருத்தத்தோடு, கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184 ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டமாக எழுதப்பட்டுவிட்டது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் அடிப்படைச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள். ஓடும்போது கையில் போனைப் பிடித்துப் பாவிப்பது குற்றம். யாருக்கும் அடிபடாவிட்டாலும் குற்றம். “ஒன்றும் நடக்கேல்லைத்தானே சேர்” என்பது பதில் ஆகாது.

வீதியில் பொலிஸ் மறித்தால் இரண்டில் ஒன்று நடக்கலாம். அந்த இடத்திலேயே தண்டப் பத்திரம் எழுதுவார்கள், அல்லது கவனயீனமாக ஓடியதாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். பத்திரம் எழுதினால் லைசன்ஸை வாங்கிக்கொண்டு அதைத் தருவார்கள். அதில் எழுதிய தொகையை 14 நாளுக்குள் தபாற் கந்தோரில் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸைத் திரும்ப எடுக்கலாம். அந்த 14 நாளுக்கும் பத்திரமே தற்காலிக லைசன்ஸ். 14 நாள் தாண்டினால் 28 ஆவது நாள் வரை இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு வழக்கு. தொகை வர்த்தமானி வந்தால் மாறும், ஆகவே கூட்டாளி போன வருடம் கட்டிய கணக்கை நம்பாமல் பத்திரத்தில் உள்ளதைப் பாருங்கள்.

சரி, அடிபட்டுவிட்டது என்று வைப்போம். இங்கேதான் விஷயம் வேறு தளத்துக்குப் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 149 ஆம் பிரிவு, விபத்தைத் தவிர்க்க வேண்டியதைச் செய்வது சாரதியின் கடமை என்கிறது. 151 ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டத்தையும் கவனயீனமான ஓட்டத்தையும் பற்றியது. இவற்றோடு தண்டனைச் சட்டக்கோவையும் சேரும். காயம், பாரிய காயம் என்று அதற்கு ஏற்ற பிரிவுகள் இருக்கின்றன. ஆள் இறந்தால் 298 ஆம் பிரிவு: அசட்டுத் துணிவான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தல். ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும்.

புதிதாகப் படிப்பவர்கள் இந்தப் பிரிவில் ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். “நான் வேணுமெண்டு செய்யேல்லை” என்பது இங்கே உதவாது. வேண்டுமென்று செய்தால் அது கொலை வழக்கு, வேறு பிரிவு. 298 எழுதப்பட்டதே வேண்டுமென்று செய்யாதவர்களுக்காகத்தான். ஒரு சாதாரண, பொறுப்பான ஆள் எடுக்கக்கூடிய கவனத்தை எடுத்தாரா என்பதுதான் கேள்வி. சில்லு திடீரென்று வெடித்தது, பாம்பைக் கண்டு மாடு வீதிக்குப் பாய்ந்தது என்றால் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். கையில் போன் இருந்தது என்றால் சொல்வதற்கு மிகக் குறைவுதான். அந்த நேரத்தில் அழைப்பு நடந்ததா, மெசேஜ் போனதா என்ற விபரத்தை நீதிமன்றக் கட்டளையோடு தொலைபேசி நிறுவனத்திடம் எடுக்க முடியும். கடைக்காரர்களின் சிசிரிவி கமராக்களும் இப்போது எல்லாச் சந்தியிலும் இருக்கின்றன. போனில் மெசேஜை அழித்துவிட்டால் தப்பலாம் என்று நினைப்பது வீண். உங்கள் போனில் மட்டும் அழித்தால், மெசேஜ் கிடைத்தவரின் போனில் அது இருக்கும்.

ஒரே செயலுக்கு எவ்வளவு வித்தியாசமான முடிவு என்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே நாளில், ஒரே வீதியில், ஒரே “ஓம், வாறன்” தட்டினார்கள். ஒருவருக்குத் தண்டப் பத்திரம்கூட இல்லை. மற்றவருக்கு 298. இருவரும் எடுத்த முடிவு ஒன்றுதான். நடுவில் யார் வீதியைக் கடந்தார்கள் என்பது மட்டும் வேறு, அது இருவரின் கையிலும் இருக்கவில்லை.

விபத்து நடந்தால் நடைமுறை இப்படிப் போகும். வாகனத்தை நிறுத்தி, அடிபட்டவருக்கு உதவி, பொலிசுக்கு அறிவிக்க வேண்டியது சட்டக் கடமை. அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. ஓடிவிட்டால் அது தனிக் குற்றம், பிணை எடுப்பதும் கடினமாகும். சனம் கூடி அடிக்கும் என்று பயம் இருந்தால் நேரே பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போவது வேறு, மறைந்து போவது வேறு. ஆள் இறந்திருந்தால் பொதுவாகச் சாரதியைக் கைது செய்து நீதவான் முன் நிறுத்துவார்கள். விளக்கமறியலோ பிணையோ அங்கே தீர்மானமாகும். மரண விசாரணை நடக்கும். வாகனத்தை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்கும் வரை அது பொலிஸ் வளவில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். மோட்டார் சைக்கிள் ஒன்றை நம்பி மீன் விற்கிற, மேசன் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு தவணை, சட்டத்தரணி, திரும்பத் தவணை. குற்றம் நிரூபணமானால் லைசன்ஸை நிறுத்தவோ இரத்துச் செய்யவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

நட்டஈடு இன்னொரு வழக்கு. அடிபட்டவரோ இறந்தவரின் குடும்பமோ மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம், அதற்கு இரண்டு வருடக் காலவரை இருக்கிறது. சாரதி சம்பளத்துக்கு ஓடுபவர் என்றால் முதலாளியும் மாட்டுவார். அதனால்தான் வான், லொறி, டிப்பர் வைத்திருப்பவர்கள் சாரதி ஓடிக்கொண்டிருக்கும்போது “எங்க நிக்கிறாய்” என்று அழைப்பதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம். ஆனால் லைசன்ஸ் இல்லாதவர் ஓடியிருந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு.

பெற்றோருக்கு ஒன்று. பதினெட்டு வயதாகாத, லைசன்ஸ் இல்லாத பிள்ளையிடம் திறப்பைக் கொடுத்தால், ஓடியவர் மட்டும் குற்றவாளி இல்லை. ஓட அனுமதித்த உரிமையாளரும்தான். “ரியூசனுக்குத்தானே போறான்” என்பது சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

வெளிநாடு போக நினைக்கிற இளைஞர்களுக்குச் சிறையை விடக் கிட்ட இருக்கிற பயம் இன்னொன்று. படிப்பு விசாவோ வேலை விசாவோ, பல நாடுகள் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கின்றன. 298 இல் குற்றத்தீர்ப்பு இருந்தால் அது அங்கே வந்து நிற்கும். வழக்கு முடியாமல் இழுபட்டால், விசாவுக்கு விண்ணப்பிக்கவே காத்திருக்க வேண்டி வரலாம்.

என்ன செய்யலாம்

மனதை அடக்குவதை விடப் போனை அடக்குவது சுலபம். ஐபோனில் 2017 இல் வந்த பதிப்பில் இருந்து, ஓடும்போது அறிவிப்புகளை மறைத்து, அனுப்பியவருக்குத் தானாகவே “ஓடிக்கொண்டிருக்கிறேன்” என்று பதில் போடுகிற வசதி உண்டு. அன்ட்ரொயிட் போன்களிலும் இப்படியான அமைப்பு இருக்கிறது. ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு யோசிக்கத் தேவையில்லை. அது கிடைக்காவிட்டால் சத்தத்தையும் அதிர்வையும் நிறுத்தி, சட்டைப் பையில் இல்லாமல் சீற்றுக்குக் கீழுள்ள பெட்டியிலோ முதுகுப் பையிலோ போட்டுவிடுங்கள். அதிர்வு உடம்பில் படாவிட்டால் கையும் போகாது. வரைபடம் தேவை என்றால் வெளிக்கிட முதலே போட்டு, காதால் மட்டும் கேட்டுக்கொள்ளலாம், நடுவில் திருத்தக் கூடாது. பின்னால் ஆள் இருந்தால் போன் அவரிடம் இருக்கட்டும்.

பார்த்தே ஆக வேண்டும் என்றால் நிற்பாட்டுங்கள். காப்பெற்றின் ஓரத்தில் பாதி உள்ளே பாதி வெளியே நிற்பதில்லை, அது இன்னொரு விபத்துக்கு அழைப்பு. கடை வாசலோ கோயில் முன்றலோ பார்த்து முழுதாக இறங்கி நில்லுங்கள். ஏ9 இல் போகிறவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிற்பாட்டித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கித்தான் போவோம். வவுனியாவில் வந்த மெசேஜ் அதுவரை காத்திருக்கட்டும்.

பஸ்ஸில் போகிறவர்களின் நிலைதான் சிக்கல். தனியார் பஸ்ஸும் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸும் நேரத்துக்குப் போட்டி போடுகிற வீதியில், முன்னால் போனவர் எங்கே, பின்னால் வருகிறவர் எங்கே என்று சாரதி போனில் விசாரித்துக்கொண்டே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டியரிங்கில் ஒரு கை, ஐம்பது உயிர் பின்னால். முதலில் நடத்துனரிடம் சொல்லுங்கள், போட்டி விபரத்தைக் கேட்பது அவருடைய வேலையாக இருக்கலாமே. முன் சீற்றில் இருந்தால், “அண்ணை, போனை வைச்சிட்டு ஓடுங்கோ, பிள்ளையள் இருக்குதுகள்” என்று நேராகவே சொல்லலாம். ஒருவர் சொன்னால் முறைப்பார்கள், மூன்று பேர் சொன்னால் வைத்துவிடுவார்கள். வைக்காவிட்டால் பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இ.போ.ச. என்றால் அந்த பஸ் டிப்போ (சாலை) முகாமையாளருக்கும், தனியார் என்றால் வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கும் முறைப்பாடு கொடுக்கலாம். நேரமும் இடமும் இல்லாத முறைப்பாட்டில் அவர்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை, ஆகவே இறங்க முதல் அந்த இரண்டையும் எழுதிவிடுங்கள்.